அந்தித் தண்ணீர்

முட்டைகோசின் குருத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் மேட்டுப்பாளையம் மண்டியில் அதற்கு விலை இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் முன்பே நான் கற்றுக்கொண்ட பாடம் இது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் வாயைத் திறந்தால் கோஸ், கேரட், கிழங்கு, லாரி வாடகை, மண்டிக் கமிஷன். நடுவில் யாராவது 'நத்தை' என்று சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் வைத்தியத்தில் இன்னொருவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஊட்டிக்குக் கீழே கேத்தி பாலாடா. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய மட்டங்கள், அடியில் ஓடை. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரிக்குக் கொண்டுவந்த இங்கிலீஷ் காய்கறிகள்தான் அந்தப் பள்ளத்தாக்குக்கே சோறு போட்டுக்கொண்டிருந்தன. எண்பதுகளில் அங்கே படுகர் ஒருவரின் நிலத்தை அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். ஊருக்கு அவர் கவுடர், எங்களுக்குக் கவுடர் தாத்தா. நிலத்தின் ஓரத்திலேயே தகரம் போட்ட எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி இருந்த துண்டு நிலம் மட்டும் அப்பாயியின் ராஜ்ஜியம். கோஸ் நாற்றங்கால் அங்கேதான். அதோடு லீக்ஸ், சலாது, பீட்ரூட், முள்ளங்கி, கொத்தமல்லி, வேலியில் அவரை.

அப்பாயி பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். வாக்கப்பட்டுப் போனது நுவரெலியாப் பக்கம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுப் பெயர்களும் சேர்ந்தன. எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் குளிர் பழகிய உடம்புக்குக் குளிரான ஊர் தேவை என்று நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். வரும்போது அப்பாயி சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது, தேயிலைத் தூருக்கு அடியில் மண்ணைக் கிளறுகிற முள்ளு. பிடி இல்லாமல் இரும்பு மட்டும். இங்கே வந்து சீகைக் கட்டையில் பிடி செதுக்கிப் போட்டுக்கொண்டது. டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தவர்கள் அங்கே போனார்கள். கிடைக்காத எங்களைப் போன்றவர்கள் காய்கறிக் காட்டில் கூலிக்கு இறங்கி, மெல்லக் குத்தகைக்கு ஏறினோம்.

ஆனியில் தொடங்கும் மழை. விட்டுவிட்டுப் பெய்யும், விடாமல் தூறும், தூறாத நேரத்தில் மூடுபனி இறங்கும். அந்த மாதங்களில் காலையில் நாற்றங்காலுக்குப் போனால் நேற்று நின்ற நாற்று இன்று இருக்காது. தண்டு மட்டும் அரை விரல் உயரத்துக்கு நிற்கும். வளர்ந்த செடியானால் இலையில் ஒழுங்கில்லாத ஓட்டைகள். புழுவும் ஓட்டை போடும்தான். ஆனால் புழு எச்சம் போட்டுவிட்டுப் போகும், நத்தை வெள்ளிக்கோடு இழுத்துவிட்டுப் போகும். வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கோடு இலையிலும் மண்ணிலும் மினுங்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஏதாவது ஒரு கல்லுக்கோ, மண்கட்டிக்கோ, காய்ந்த கோஸ் இலைக்கோ அடியில் போய் முடியும். தூக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். ஓடு கிடையாது.

அப்பாவின் வைத்தியம் சுண்ணாம்பு. நீலகிரி மண் புளிப்பு மண். கோசுக்கு வேர்முடிச்சு நோய் வராமல் இருக்க எப்படியும் சுண்ணாம்பு போட்டாக வேண்டும். "ரெண்டுக்கும் ஒரே செலவு" என்று பாத்தியின் ஓரம் முழுக்கக் கோடு போடுவார். கவுடர் தாத்தாவுக்குச் சாம்பல். கற்பூர மரத்து விறகெரித்த சாம்பலைச் சலித்து, ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் வட்டமாகத் தூவச் சொல்வார். இரண்டுமே காய்ந்து கிடக்கிறவரை வேலை செய்தன. நத்தை வரும், கொம்பை நீட்டும், தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஒரு தூறல் விழுந்ததும் சாம்பல் சேறாகிவிடும். அதன்மேல் ஏறி அது பாட்டுக்குப் போகும். நத்தைக்கு நல்ல காலம் மழைக்காலம், சாம்பல் பலிக்காத காலமும் மழைக்காலம்.

அம்மா தேயிலைச் சக்கை போடுவார். நாள் முழுக்க டீ குடிக்கிற வீட்டில் சக்கைக்குக் குறைவில்லை. கொத்தமல்லிப் பாத்தியில் கருப்பாக ஒரு மெத்தையே விரிந்து கிடக்கும். நத்தை அதற்கடியில் வசதியாகப் படுத்துக்கொள்ளும் என்று அப்பாயி சொல்லும். "இல்லைங்க அத்தை, கசப்புக்குக் கிட்ட வராதுங்க" என்பார் அம்மா. பல வருடம் கழித்து ஒரு செய்தி படித்தேன். ஹவாய்த் தீவில் தவளைகளை ஒழிக்கக் காபீன் கரைசலைத் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள் அமெரிக்க விவசாயத் துறையினர். பக்கத்தில் இருந்த நத்தைகள் செத்திருக்கின்றன. 2002இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு காபீன் இருந்தால்தான் கொல்லும். நாம் குடிக்கிற காபியிலோ டீயிலோ அவ்வளவு கிடையாது, இறக்கிய சக்கையில் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சத்து இருக்குன்னு அவங்களே சொல்றாங்கல்ல?" என்றார். மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்பு அப்படியே நிலுவையில் இருக்கிறது.

பிள்ளைகளான எங்கள் வைத்தியம் உப்பு. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டால் நத்தை நெளியும், நுரைக்கும், சுருங்கும். அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வெளியே உப்பு கூடியதும் உள்ளிருக்கும் தண்ணீரெல்லாம் தோல் வழியாக வெளியேறிவிடுகிறது. அப்பாயி கண்டால் பிடரியில் அடி விழும். நத்தைக்கு இரங்கி அல்ல. "மண்ணுல உப்பக் கொட்டுனா அப்புறம் அதுல என்னடா வெளையும்? நத்தைய நாளைக்கும் கொல்லலாம், மண்ண எங்கடா போயி வாங்குவ?"

சித்தப்பாவுக்கு இந்த வீட்டு வைத்தியம் எதுவும் பிடிக்காது. ஊட்டிக்குப் போனவர் ஒரு நாள் மருந்துக்கடையிலிருந்து நீலக் குருணை வாங்கிவந்தார். மெட்டால்டிஹைட். முகாம் போடுகிறவர்கள் சிறு அடுப்பெரிக்க வைத்திருந்த கெட்டி எரிபொருள் அது. அதைத் தின்ற நத்தைகள் சாவதைப் பார்த்து 1930களில் நத்தை விஷமாக்கினார்கள். மாலையில் தூவினோம். காலையில் பாத்தியெங்கும் நத்தைகள் தம் சளியைத் தாமே கக்கி, அதிலேயே கிடந்தன. சித்தப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலம் பார்த்தால் செத்தது என்று நினைத்ததில் பாதி எழுந்து போயிருந்தது. அந்த விஷம் நத்தையை உலர்த்தித்தான் கொல்லும். நனைந்தால் பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூவினார். பக்கத்து மட்டத்துக்காரர் வளர்த்த நாய் அதைத் தின்றுவிட்டது. தவிட்டு வாசம் அடிக்கிற குருணை, நாய்க்கு என்ன தெரியும்? உடம்பெல்லாம் உதறி, இருட்டும் முன் செத்துப்போனது. சித்தப்பா மிச்சப் பொட்டலத்தைக் குழி தோண்டிப் புதைத்தார். அதன்பிறகு நத்தைப் பேச்சு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். பிரிட்டனில் 2022 மார்ச் முடிவோடு இந்த மருந்தைத் திறந்தவெளியில் போடவே தடை விதித்துவிட்டார்கள், பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஆகாது என்று. இப்போது இரும்பு பாஸ்பேட் குருணை வந்திருக்கிறது. அதைத் தின்ற நத்தை இரையெடுப்பதை நிறுத்திவிட்டு மண்ணுக்குள் போய்ச் சாகும். நாய்க்கும் கோழிக்கும் ஆபத்து குறைவு.

அப்பாயி எதையும் வாங்கவில்லை. அது செய்தது கவனிப்பு ஒன்றுதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கை இங்கே வந்தபிறகும் அப்பாயி விடவில்லை. மழையில் வேலை செய்துவிட்டு ஒரு நாள் அதைக் கழற்றிப் பாத்தி ஓரத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறது. மறுநாள் விடியக்காலம்பற எடுத்து உதறியபோது அடிப்பக்கம் முழுக்க நத்தை. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அந்தியில் நனைத்த சாக்குத்துண்டுகளைப் பாத்திகளுக்கு நடுவே விரிப்போம். சில இடங்களில் பலகை, சில இடங்களில் கோசின் அகலமான வெளி இலைகள். பொழுது விடிந்து, வெயில் ஏறும் முன், ஒவ்வொன்றாகத் திருப்புவோம். இரவெல்லாம் மேய்ந்தவை பகலில் ஒதுங்க ஈரமும் இருட்டும் தேடி அங்கே வந்து அடைந்திருக்கும். அத்தனையும் டால்டா டப்பாவில் கரைத்து வைத்த சோப்புத் தண்ணீருக்குப் போகும்.

தின்னப் பிரியமானதை வைத்தும் பிடித்தது. அப்பாயி ஆப்பத்துக்கு மாவு புளிக்க வைத்தால் ஒரு கரண்டி நத்தைக்கு என்று எடுத்துவைக்கும். தேங்காய்த் தொட்டியை மண்ணோடு மண்ணாகப் பதித்து, புளித்த மாவை நீர்க்கக் கரைத்து ஊற்றிவிடும். வாசத்துக்கு வந்தவை உள்ளே விழுந்து மூழ்கும். வெள்ளைக்காரர்கள் இதையே பீரை வைத்துச் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. 2021இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பாண் செய்யப் பிசைகிற ஈஸ்ட் மாவுதான் நத்தைக்கு நல்ல இரை என்று எழுதினார்கள். நொதித்த மணம் நத்தைக்கு எட்டத்திலிருந்தே தெரிகிறது.

ராத்திரி வேட்டைதான் எங்களுக்குத் திருவிழா. சாப்பிட்டு முடித்ததும் அப்பாயி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அரிக்கேன் விளக்கைத் தூக்கும். பின்னால் நானும் அக்காவும் சித்தப்பா மகனும். கையால் தொடக்கூடாது என்பது சட்டம். மூங்கிலைப் பிளந்து இடுக்கி செய்து கொடுத்திருந்தது. திரும்பி வந்ததும் சாம்பல் போட்டுக் கை கழுவ வேண்டும். சலாது இலையைத் தனித்தனியாகப் பிரித்து, மூன்று தண்ணீரில் அலசாமல் யாரும் வாயில் வைக்க முடியாது. "சளி பட்டது வவுத்துக்கு ஆகாது" என்பதோடு அப்பாயியின் விளக்கம் முடிந்துவிடும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் நத்தைக்குள் வளரும். நத்தையையோ, அது ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை இலையையோ மனிதர் தின்றால் மூளையுறை வீங்கிப்போகும். அந்தப் புழுவை 1935இல் சீனாவின் காண்டன் நகரில் எலிகளிலிருந்து கண்டெடுத்து விவரித்தார்கள். அப்பாயி காண்டனைக் கேள்விப்பட்டதே இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு நத்தையை நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு கொம்பு, நுனியில் கண். கீழே சின்னதாக இரண்டு, மோப்பம் பிடிக்க. வலது விலாவில் ஒரு துளை திறக்கும், மூடும். மூச்சு விடுவது அதன் வழியாக. வாய்க்குள் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசைகட்டிய நாக்கு, இலையைக் கடிக்காமல் ராவி எடுக்கும். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் உண்டு. எந்த இரண்டு சந்தித்தாலும் இரண்டுமே முட்டையிடலாம். ஊர்ந்து போக ஒவ்வொரு அங்குலத்துக்கும் சளி செலவாகும். சளியும் தண்ணீர்தான். ஓட்டை விட்டுவிட்டதால் அது எந்தச் சந்து பொந்திலும் நுழைந்துகொள்ள முடிந்தது. பதிலுக்கு உடம்பின் ஈரத்தைக் காப்பாற்ற ஒரு மூடி இல்லாமல் போயிற்று. அதனால்தான் பகலில் ஒளிந்து ராத்திரியில் வருகிறது. அதனால்தான் மழைக்குக் கொழுக்கிறது. உப்பு, சாம்பல், சுண்ணாம்பு, நீலக் குருணை என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாகச் சொன்ன வைத்தியத்தில் பெரும்பாலானவை அதன் தண்ணீரைப் பறிக்கிற வழிகள்தான். இதை நான் புரிந்துகொண்டது வளர்ந்தபிறகு. அப்பாயி அதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது.

பிடித்த நத்தைக்கு அப்பாயி காசு கொடுக்கும். எண்ணி டப்பாவில் போட்டால் அஞ்சு பைசாக் கணக்கில். சித்தப்பா மகன் இதில் ஒரு தொழில் நடத்தப் பார்த்தான். கணக்கெடுத்த டப்பாவிலிருந்து மறுபடி எடுத்துவந்து காட்டினான், அகப்பட்டான். பிறகு பந்தலூர்ப் பக்கம் டான்டீயில் இருந்த அத்தை வீட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது சோலை ஓரத்தில் பெரிதாக ஒன்றைப் பிடித்து, இலையில் பொதிந்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டான். முதுகில் பளபளவென்று ஒரு ஓடு. உடம்போ அந்த ஓட்டுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிது, செக்கச்செவேல் என்று. இதற்கு ஐம்பது பைசாவாவது தேறும் என்பது அவன் கணக்கு. அப்பாயி விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தது. "இது காட்டுச் சீவன்டா. நம்ம கோசு இது கண்ணுலயே பட்டிருக்காது. அத்த வீட்டுக்குப் போற லாரில யாருகிட்டயாவது குடுத்துவிடு" என்றது. இந்த்ரெல்லா அம்புல்லா என்று அதற்குப் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதை 1850இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் வில்லியம் பென்சன். இதே பென்சன்தான் 1847இல் மொரீசியசிலிருந்து இரண்டு ஆப்பிரிக்கப் பெருநத்தைகளை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்ட அவற்றிலிருந்துதான் இந்தியாவில் அந்தத் தொல்லை தொடங்கியது. இலங்கைக்கு அது 1900 வாக்கில் போய்ச் சேர்ந்தது. அப்பாயி மாத்தளையில் சிறுபிள்ளையாக இருந்தபோது வாளி வாளியாகப் பொறுக்கியது அந்தப் பெருநத்தையைத்தான். எந்த நத்தை எந்த ஊருக்குரியது என்ற கணக்கு அப்பாயிக்கு இருந்ததற்கு அந்த வாளிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அறுவடை முடிந்த பாத்தியை அப்பாயி அப்படியே போட்டுவைக்காது. இலங்கையிலிருந்து வந்த முள்ளை எடுத்து, ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திப் புரட்டிப் போடும். கட்டிகளுக்கு அடியில் ஜவ்வரிசி சிந்தியதுபோல நத்தை முட்டைகள் குவிந்திருக்கும். வெயில் பட்டால் வற்றிவிடும். அதற்குள் கோழிகளைத் திறந்துவிட்டால் மிச்சம் வைக்காது. நாற்று இளசாக இருக்கிறவரை கோழிகளுக்குக் கூடை, பயிர் இல்லாத பாத்திக்கு மட்டும் விடுதலை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குடியிருந்த தேரையை விரட்டக்கூடாது, அது ராத்திரிக் காவல்காரன். மின்மினிப் புழுவைப் பார்த்தால் மிதிக்கக்கூடாது, அதற்கும் நத்தைதான் சாப்பாடு. நாற்றுக்கு நாலைந்து இலை விட்டுத் தண்டு முற்றாமல் நடக்கூடாது. வேலியோரம் ஒரு வரிசை முள்ளங்கியும் சலாதும் நத்தைக்கென்றே விட்டுவைக்கும். முதலில் அங்கே வந்து மொய்க்கும், பொறுக்குவதற்கும் வசதி.

இதெல்லாம் செய்தும் அப்பாயிக்கும் அப்பாவுக்கும் தீராத சண்டை ஒன்று இருந்தது. அது தண்ணீர் விடும் நேரம். மாசி, பங்குனியில் மலை காயும். ஓடையிலிருந்து ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பார்கள். இன்ஜின் பல பேருக்குப் பொது, அதனால் முறை உண்டு. எங்கள் முறை சாயங்காலம். அப்பாவுக்கு அது வசதி. "அந்தியில விட்டாத்தான் ஆத்தா ராவெல்லாம் ஈரம் நிக்கும். காலையில விட்டா வெயிலு குடிச்சிரும்." அப்பாயி, "ஈரம் நிக்கிறது யாருக்குடா? பயிருக்கா, நத்தைக்கா? சுத்துப்பட்டு முழுக்கக் காஞ்சு கெடக்கு. நீ ராத்திரிக்கு ஒரு பாத்திய நனைச்சு வச்சா, பள்ளத்துல இருக்கறது அத்தனையும் விருந்துக்கு வராதா?" என்று கேட்கும். மழைக்காலத்தில் மேலே இருந்து வருவதை நிறுத்த முடியாது, நம் கையால் விடுகிறதையாவது நேரம் பார்த்து விடு என்பது அதன் வாதம்.

அப்பா கேட்கவில்லை. அப்பாயி நேரே கவுடர் தாத்தா வீட்டுக்குப் போய், முறையை மாற்றிக் கேட்டது. விடியற்காலை முறை யாருக்கும் வேண்டாத முறை. கை விறைக்கும் குளிரில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். உடனே கிடைத்தது. அந்தக் கோடை முழுக்க அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருட்டில் எழுந்துபோனார். பாத்தி காலையில் நனையும், பகலில் மேல்மண் காயும், ராத்திரி நத்தை வெளியே வரும்போது ஊர்ந்துபோக ஈரம் இருக்காது. வேரடியில் ஈரம் இருந்தது, பயிர் வாடவில்லை. நாற்றங்காலில் வழுக்கை விழுவது நின்றது. அப்பா அதை ஒப்புக்கொண்டதாக நினைவில்லை. ஆனால் மறு வருடம் முறை போடும்போது விடியற்காலை நேரத்தை அவரே கேட்டு வாங்கினார். 1998இல் சுவிட்சர்லாந்தில் சலாதுப் பாத்திகளில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலையில் நீர் விட்ட பாத்திகளில் நத்தைச் சேதம் தெளிவாகக் குறைந்திருக்கிறது.

கிழங்குக்காரர்களுக்கு அப்போது வேறு கவலை. 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு கட்டும் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், அதனால் ஊட்டி விதைக்கிழங்குக்கு வெளியூர் வாசல் அடைபட்டது. முத்தோரையில் இருந்த கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு அதுவே பெரிய வேலையாயிற்று. 'நூற்புழு' என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் முகம் கறுக்கும். இங்கிலாந்திலோ 1994 முதல் இன்னொரு நூற்புழுவைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மண்ணுக்குள் நத்தையைத் தேடிப் போய் அதற்குள் புகுந்து கொல்லும். அப்பாயி இருந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை வாசலிலேயே நிறுத்தி, இது கிழங்கைத் தின்னாது என்று யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டிருக்கும்.

நத்தையை ஒழித்துவிட்டேன் என்று அப்பாயி ஒருநாளும் சொன்னதில்லை. "இருக்கட்டும், எண்ணுற அளவுல இருக்கட்டும்" என்று சொல்லும். டப்பாவை எண்ணச் சொன்னதும் அதற்காகத்தான். காசு எங்களுக்கு, எண்ணிக்கை அதற்கு. நேற்றைவிட இன்று கூடினால் எங்கேயோ குப்பை அழுகிக் கிடக்கிறது, எங்கேயோ வாய்க்கால் கசிகிறது என்று தேடிப் போகும். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இப்போது கோயமுத்தூரில் இருக்கிறேன். மாடித்தோட்டம் போட்ட நண்பர்கள், உறவுக்காரர்கள் மழை தொடங்கியதும் போன் செய்கிறார்கள். தொட்டியில் கீரை முளைக்கவில்லை, நத்தை தின்கிறது, நல்ல மருந்தாகச் சொல்லு என்கிறார்கள். எப்போது தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்பேன். ஆபீஸ் விட்டு வந்து, ஏழு மணிக்கு. தொட்டிகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்? நெருக்கமாக, தட்டோடு. அப்படியானால் தட்டை எடுத்துவிட்டு, தொட்டிகளைத் தள்ளி வைத்து, ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்துப் பொறுக்குங்கள், தண்ணீரைக் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள், பதினைந்து நாள் கழித்தும் தொல்லை இருந்தால் மருந்தைப் பற்றிப் பேசலாம் என்பேன். மருந்து கேட்டு இரண்டாவது முறை கூப்பிட்டவர்கள் குறைவு. அப்படிக் கூப்பிட்டவர்களும் பெரும்பாலும், ஆறு மணிக்கெல்லாம் எழுந்திருக்க முடியவில்லை, வேறு வழி இல்லையா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்கள்.